‘வழங்கினோம்’ என்று சொல்லாதீர்கள்: சட்டம் இயற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

சட்டம் இயற்றும் மன்றங்களில் அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டு மன்றத்தில் இருந்தாலும், எந்தக் கட்சியின் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். ‘வழங்கினோம்’ என்ற சொல். பேச்சுரிமை வழங்கினோம், வழிபாட்டு உரிமை வழங்கினோம், வாழும் உரிமையை வழங்கியிருக்கிறோம் என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். கைதட்டலும் கிடைக்கிறது. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

நான் குடிமையியல் கற்பித்தவன். பல ஆண்டுகள் கரும்பலகையில் ‘அரசு மக்களுக்கு வழங்கும் உரிமைகள்’ என்று தலைப்பு எழுதி, கீழே வரிசையாகப் பட்டியல் போட்டிருக்கிறேன். பிள்ளைகளும் அதை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அந்தத் தலைப்பு தவறு என்று எனக்கு உறைத்தபோது அவர்களில் பலர் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களில் யாராவது இன்று உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கக்கூடும். அதனால்தான் திருத்தத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

தமிழில் இதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எனக்கு உரியது என் உரிமை. ஏற்கெனவே எனக்கு உரியதை நீங்கள் எனக்கு எப்படி வழங்குவீர்கள்? கொடுக்கிறவர் கை மேலேயும் வாங்குகிறவர் கை கீழேயும் இருந்து நடப்பதற்கு நம்மிடம் சலுகை என்று வேறு சொல் இருக்கிறது. சலுகையை நிறுத்தினால் வருத்தப்படலாம், மனு கொடுக்கலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். உரிமையை எடுத்தால் அதற்குப் பெயர் பறிப்பு.

நான் கடவுளை நம்புகிறவன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மடல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. மனிதனுக்கு உயிர் தந்தவர், அந்த உயிருக்குரிய மதிப்பையும் கூடவே தந்தார் என்று நம்புகிறேன். அரசு அதற்குப் பிறகு வந்தது. ஒரு குழந்தை பிறந்தால் அரசு அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் தருகிறார்கள். அந்தச் சான்றிதழ் மிகவும் தேவையானது. அது இல்லாமல் பள்ளியில் சேர்க்கவே அலைய வேண்டியிருக்கும். ஆனால் பதிவேட்டில் பெயர் எழுதிய எழுத்தர் குழந்தைக்கு உயிர் கொடுத்ததாக யாரும் சொல்வதில்லை. உரிமைகள் விஷயத்தில் உங்கள் வேலையும் அந்த எழுத்தருடைய வேலைதான்: இருப்பதைப் பார்த்துப் பதிவு செய்வது, அப்புறம் அதைக் காப்பது.

இது வெறும் சொல்லைப் பிடித்துக்கொண்டு போடும் சண்டை என்று உங்களுக்குத் தோன்றலாம். 1976-ல் இந்தியாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. அரசியலமைப்பின் 14, 21, 22-ஆம் பிரிவுகளைக் காட்டி யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றது அந்த ஆணை. இதில் 21-ஆம் பிரிவுதான் உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றியது. மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையே இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் சார்பில் உயர் நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது அடைபட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கேட்கும் மனுக்கள், போடப்பட்டன. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அந்த மனுக்களை விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தன. அதை ஏற்காமல் அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜபல்பூர் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

அரசுத் தரப்பின் வாதம் மிக எளிமையானது. வாழும் உரிமை 21-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. அந்தப் பிரிவை வைத்து இப்போது வழக்காட முடியாது. ஆகவே அந்த உரிமைக்காக இப்போது யாரும் நீதிமன்றத்தில் நிற்க முடியாது. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால், அப்போதாவது நீதிமன்றத்தில் பரிகாரம் உண்டா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று பதில் வந்தது. அது தம்முடைய மனசாட்சியையே உலுக்குகிறது என்றும் டே சொன்னார். ஆனாலும் வாதத்தின்படி அதுதான் பதில்.

அந்த இடத்தில் நான் பல நாள் நின்று யோசித்திருக்கிறேன். அவர் கொடியவராக இருந்ததால் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘உயிர் வாழும் உரிமையை அரசியலமைப்பு வழங்கியது’ என்ற இடத்திலிருந்து புறப்பட்டு ஒரு வளைவும் இல்லாமல் நடந்தால் வந்து சேரும் இடம் அதுதான். நான் கரும்பலகையில் எழுதிய தலைப்பும் அதே பாதையின் தொடக்கம்தான்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். 21-ஆம் பிரிவு எழுதப்படாமலே இருந்திருந்தாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது என்று அவர் எழுதினார். உயிரும் சுதந்திரமும் புனிதமானவை என்பது அரசியலமைப்பு எழுதப்பட்ட நாளில் புதிதாகப் பிறந்தது இல்லை, அதற்கு முன்பே இருந்தது என்றார். 1977 ஜனவரியில் மூப்புப்படி அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவரான எம்.எச். பெக்குக்குப் போனது. கன்னா பதவி விலகினார்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று தள்ளியது. வாழும் உரிமை அரசு போட்ட கொடை இல்லை, அரசியலமைப்புக்கு முன்பே மனிதனிடம் இருப்பது என்று ஓங்கிச் சொன்னது. அப்படி எழுதியவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட். 1976-ல் அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். நடுவில் 41 ஆண்டுகள்.

கன்னா கடவுளை முன்னிறுத்தி வாதாடவில்லை. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘முன்பே இருந்தது’ என்ற இடத்தோடு ஒரு நீதிபதியின் வேலை முடிந்துவிடுகிறது. முன்பே என்றால் எப்போதிலிருந்து, யாரிடமிருந்து என்ற கேள்வியை அவர் நமக்கு விட்டுவிட்டார். என் நம்பிக்கை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த எண்ணம் இந்த நீதிமன்றங்களையெல்லாம் விட மிக மிகப் பழையது. சிலம்போடு வந்து நின்ற கண்ணகியை நினைத்துக்கொள்ளுங்கள். அரசன் சொன்னதே நீதி என்றால் பாண்டியன் எந்தத் தவறும் செய்யவில்லை. கட்டளையிடும் அதிகாரம் அவனுக்கு இருந்தது, கட்டளையிட்டான், முடிந்தது. ஆனால் ‘நானோ அரசன்’ என்று அவன் தன்னையே கேட்டு விழுந்தான் என்றுதான் கதை சொல்கிறது. தனக்கு மேலே ஓர் அளவுகோல் இருக்கிறது என்று தெரிந்தவனால்தான் அப்படி விழ முடியும்.

வேதாகமத்தில் நாபோத்தின் கதை வருகிறது. ஆகாப் அரசனுக்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மேல் ஆசை. முன்னோர் சொத்தைத் தர மாட்டேன் என்று நாபோத் சொல்லிவிட்டான். உடனே அரசி யேசபேல் அரசனின் முத்திரை போட்ட கடிதங்கள் எழுதுகிறாள், பெரியவர்களைக் கூட்டச் சொல்கிறாள், இரண்டு சாட்சிகளை நிறுத்துகிறாள். நாபோத்தைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். பார்த்தீர்களா, ஒரு வழக்குக்கு வேண்டிய முறைகள் எல்லாம் இருந்தன. முத்திரை இருந்தது, சபை இருந்தது, சாட்சி இருந்தது. அப்புறம் இறைவாக்கினர் எலியா தோட்டத்துக்கே வந்து, கொலையும் செய்துவிட்டுச் சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று அரசன் முகத்துக்கு நேரே கேட்கிறார். அந்தத் துணிவு எலியாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், என் நம்பிக்கை நடைமுறையில் எதற்குப் பயன்படும் என்பது உங்களுக்குப் புரியும்.

நம் காலத்து ஆகாப்களும் முத்திரையோடுதான் வந்தார்கள். 1935 செப்டம்பர் 15 அன்று நியூரம்பர்க்கில் நிறைவேற்றப்பட்ட சட்டங்கள் ஜெர்மனியின் யூதர்களை முழுக் குடிமக்கள் இல்லை என்று ஆக்கின. 1941 நவம்பரில் வந்த ஆணை, நாட்டுக்கு வெளியே இருக்கும் யூதர்களின் குடியுரிமையையே நீக்கிச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. எல்லாம் அரசிதழில் முறைப்படி வெளிவந்தவை. போர் முடிந்து அதே நியூரம்பர்க்கில் 1945-ல் விசாரணை தொடங்கியபோது, தங்கள் நாட்டுச் சட்டத்தின்படிதானே நடந்தோம் என்று குற்றவாளிக் கூண்டிலிருந்து கேட்டார்கள். அதை ஏற்காமல் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று பெயரிட வேண்டியிருந்தது. நாட்டுச் சட்டத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை என்று நம்புகிறவரால் அந்தப் பெயரைச் சொல்லவே முடிந்திருக்காது.

‘வழங்குவது’ எப்படி முடியும் என்பதற்கு இன்னும் ஒன்று. 1936 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் ஏற்ற அரசியலமைப்பின் 125-ஆம் பிரிவு பேச்சு, பத்திரிகை, கூட்டம் எல்லாவற்றுக்கும் உரிமை உண்டு என்றது, உழைக்கும் மக்களின் நலனுக்கு இணங்க, சமதர்ம அமைப்பை வலுப்படுத்துவதற்காக என்ற நிபந்தனையோடு. எது அந்த நலன் என்று முடிவு செய்கிறவரும் வழங்கியவரேதான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சரி, உங்களில் பலர் இந்நேரம் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கடவுளின் பெயரால்தானே இத்தனை கொடுமையும் நடந்தது? ஆம், நடந்தது. அரசர்கள் கடவுளின் பெயரால்தான் கிரீடம் வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1610-ல் தன் நாடாளுமன்றத்திடம், அரசர்களைத் தெய்வங்கள் என்று அழைப்பது பொருத்தமே என்றார். 1550-ல் ஸ்பெயினின் வல்லாதோலித் நகரில், அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளைப் போரிட்டு அடக்குவது நியாயமா என்று இருவர் வாதாடினார்கள். அடக்கலாம் என்றவர் செபுல்வேதா. கூடாது என்று பூர்வகுடிகளுக்காகப் பேசியவர் பார்த்தோலோமே தெ லாஸ் காசாஸ் என்ற துறவி. இருவரும் ஒரே கடவுளைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள். அதற்கும் முன்பே, 1537-ல், போப் மூன்றாம் பால், அந்த மக்கள் உண்மையான மனிதர்கள், கிறிஸ்துவை அறியாதவர்களாகவே இருந்தாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். எழுதியதால் கொள்ளை நின்றுவிடவில்லை. அதுவும் உண்மை.

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், பிரிக்க முடியாத உரிமைகளைப் படைத்தவரே அவர்களுக்குத் தந்திருக்கிறார், அந்த உரிமைகளைக் காப்பதற்காகத்தான் அரசுகள் ஏற்படுத்தப்படுகின்றன என்று 1776-ல் எழுதிய தாமஸ் ஜெபர்சன், தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். இதைப் படித்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாசகத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் பேசினார். உங்கள் விடுதலை நாள் அடிமைக்கு என்ன என்று கேட்டார். அந்தப் பிரகடனத்தின் கொள்கைகளை அவர் தூக்கி எறியவில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்டைக் குற்றவாளியாக்கினார். 1857-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் குடிமக்களாகவே முடியாது என்று, தன் விடுதலைக்காக வழக்குப் போட்ட டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு தருவதுதான் உரிமை என்றால் டிரெட் ஸ்காட்டின் கதை அந்தத் தீர்ப்போடு முடிந்திருக்க வேண்டும். 1963-ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில், அநீதியான சட்டம் சட்டமே இல்லை என்ற, பழங்காலக் கிறித்தவ அறிஞர் அகஸ்டினின் கருத்தை எடுத்துவைத்ததும் இதே வேரிலிருந்துதான்.

என்னைப் போல நம்புகிறவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. உரிமை கடவுள் தந்தது என்று நாம் சொன்னால், அதை நம் கோயிலுக்கு வருகிறவருக்கு மட்டும் என்று சுருக்க முடியாது. கடவுளே இல்லை என்பவருக்கும் அதே கடவுள் அதே அளவு தந்திருக்கிறார். நமக்குப் பிடிக்காதவரின் உரிமையை நாம் காக்காவிட்டால், தந்தவரை நாம் நம்பவில்லை என்றுதான் பொருள்.

கடவுள் எதற்கு, மனித மாண்பு என்று சொன்னால் போதாதா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் உலக மனித உரிமைப் பிரகடனம் ஏற்கப்பட்டபோது 48 நாடுகள் ஆதரித்தன, ஒன்றும் எதிர்க்கவில்லை, எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதற்கு முந்தைய விவாதத்தில், மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்ற சொற்களைச் சேர்க்கப் பிரேசில் முயன்றது. சீனாவின் பி.சி. சாங், எல்லா நாகரிகங்களுக்கும் பொதுவான ஆவணம் வேண்டும் என்று வாதாடினார். கடவுள் பெயர் சேரவில்லை. எனக்கு அதில் குறையில்லை. அந்தப் பிரகடனமும் எதையும் ‘வழங்கவில்லை’ என்பதுதான் எனக்கு முக்கியம். மனிதரிடம் இயல்பாக உள்ள மாண்பை அங்கீகரிப்பதாகத்தான் அது தொடங்குகிறது. 1789-ன் பிரெஞ்சுப் பிரகடனமும் அப்படித்தான், உன்னத இறைவனின் முன்னிலையில் இந்த உரிமைகளை ஏற்று அறிவிக்கிறோம் என்கிறது. எழுதும்போது கவனமாக எழுதியவர்கள் யாரும் ‘கொடுத்தோம்’ என்று எழுதத் துணியவில்லை.

ஆனாலும் நான் ஏன் மாண்போடு நிற்காமல் கடவுள் வரை போகிறேன் என்று சொல்ல வேண்டும். மனிதனுக்கு மதிப்பு எதனால் என்று கேட்டால், அறிவால் என்கிறார்கள் சிலர். அப்படியானால் பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கு மதிப்பு குறைவா? நினைவு தப்பி, பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்கும் முதியவருக்கு மதிப்பு போய்விட்டதா? சமுதாயம் ஒப்புக்கொண்டதால் என்கிறார்கள் வேறு சிலர். ஒப்புக்கொண்ட சமுதாயம் நாளைக்கு மனம் மாறினால்? நான் தேடுவது மனிதனின் திறமையோ, பயனோ, பெரும்பான்மையின் மனநிலையோ தொட முடியாத ஓரிடம். படைத்தவர் அன்போடு பார்க்கிறார் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அந்த இடமாகத் தெரியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரின் அறைக்குள் போகும்போது இது வாதமாகவே தோன்றாது. அவர் யார் என்பது அவரைப் பார்த்த உடனே தெரியும்.

எல்லாமே கடவுள் தந்த உரிமை என்று நான் சொல்லவில்லை. எந்த வயதில் வாக்களிக்கலாம், ஓய்வூதியம் எவ்வளவு, உரிமம் யாருக்கு என்பதெல்லாம் நீங்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியவை. அங்கே ‘வழங்கினோம்’ என்று தாராளமாகச் சொல்லுங்கள். எது எந்தப் பக்கம் என்பதில் ஓரங்களில் சச்சரவு இருக்கும், இருக்கட்டும். உயிர், மனசாட்சி, விசாரணையின்றி அடைபடாமல் இருப்பது, ஒருவர் இன்னொருவரின் உடைமையாகாமல் இருப்பது, இவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காந்தி 1947-ல் யுனெஸ்கோவின் ஜூலியன் ஹக்ஸ்லிக்கு எழுதிய பதிலில், எழுத்தறியாத ஆனால் ஞானமுள்ள தன் தாயிடமிருந்து கற்றதாக ஒன்றைச் சொன்னார்: கடமையை ஒழுங்காகச் செய்வதிலிருந்துதான் உரிமைகள் வருகின்றன. முதலில் படித்தபோது என் கருத்துக்கு அது எதிர் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உங்கள் மதிப்பைக் கடவுள் தந்தார் என்றால், அதன் எதிரே நிற்கும் எனக்குக் கடமை வந்துவிடுகிறது. எனக்கு வருகிற கடமை, காவலரும் சிறைச்சாலையும் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு இன்னும் பல மடங்காக வருகிறது.

உங்களைப் போன்றவர்கள் இதைச் சரியாகச் செய்ததும் உண்டு. ஜபல்பூர் தீர்ப்பை நீதிமன்றம் திருத்த 41 ஆண்டுகள் ஆயின. நாடாளுமன்றமோ இரண்டே ஆண்டுகளில், 1978-ன் 44-ஆவது திருத்தத்தில், நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆம் பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்று எழுதியது. அதிகாரம் கையில் இருந்தபோதே தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அந்த வாக்கெடுப்பில் கை தூக்கியவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

இனி நான் கேட்பது சிறியது. விசாரணையில்லாமல் அடைத்துவைக்கவோ, ஒருவரின் குடியுரிமையை நீக்கவோ வழி செய்யும் மசோதா அடுத்த முறை உங்கள் மேசைக்கு வரும்போது, முதலில் அதன் வினைச்சொற்களைப் படியுங்கள். ‘வழங்கப்பட்ட உரிமை திரும்பப் பெறப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால், யார் வழங்கியது என்று அவையில் எழுந்து கேளுங்கள். அவைக் குறிப்பில் அந்தக் கேள்வி பதிவாகட்டும்.

அப்புறம், முடிந்தால் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள். உங்கள் மன்றம் முழுவதும் ஒருமனதாகக் கை தூக்கினாலும், ஒரு மனிதரிடமிருந்து எடுக்க முடியாதவை என்று நீங்கள் எவற்றைக் கருதுகிறீர்கள்? பட்டியல் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அதை வைத்துக்கொண்டு என் பழைய கரும்பலகைத் தலைப்பைத் திருத்தி எழுதக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு முன்னாள் குடிமையியல் ஆசிரியர்